துல்லியம் சரிந்த இரவில் வந்த மகிழ்ச்சி

உங்கள் கடிதத்தில் ஒரு பத்தியை மட்டும் மூன்று முறை படித்தேன். மோட்டார் பேரிங்கின் அதிர்வை வைத்துப் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கணினி மாடல் ஒன்றை மூன்றாம் ஆண்டு புராஜெக்டாகச் செய்திருக்கிறீர்கள். துல்லியம் 99 சதவீதம் வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். உங்களுக்கு மட்டும் உறுத்தியது. அறிக்கையைக் கொடுத்த பிறகும் விடாமல் தேடியபோது காரணம் புரிந்தது. ஒரே பதிவைத் துண்டு துண்டாக வெட்டியதில் சில துண்டுகள் பயிற்சிக்கும் சில துண்டுகள் சோதனைக்கும் போயிருந்தன. மாடல் பழுதைக் கற்கவே இல்லை; ஏற்கெனவே பார்த்த பேரிங்கை அடையாளம் கண்டு சொல்லிக்கொண்டிருந்தது. பயிற்சியில் இல்லாத பேரிங்குகளைக் கொடுத்ததும் துல்லியம் 70க்கு இறங்கிவிட்டது. அன்று இரவு மகிழ்ச்சியில் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆராய்ச்சி எனக்கு ஒத்துவருமா, மதிப்பெண் சுமார்தானே என்று கேட்கிறீர்கள். என்னைக் கேட்டால், அந்தத் தூங்காத இரவு உங்கள் மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் சொல்கிறது. தேர்வில் கேட்கப்படும் கேள்விக்கு விடை ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது. ஆராய்ச்சியில் விடை யாரிடமும் இல்லை, கேள்வி சரியானதுதானா என்பதுகூடப் பல மாதங்கள் தெரியாது. முதல் வகையில் முதலிடம் பிடித்தவர்கள் இரண்டாம் வகையில் திணறியதை நிறையப் பார்த்திருக்கிறேன். சில பல்கலைக்கழகங்கள் குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கும் என்பது உண்மை. அதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், தினமும் அதையே நினைத்து வருந்தாதீர்கள்.

"புதிதாகக் கண்டுபிடிக்க எனக்கு என்ன யோசனை வரப்போகிறது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் 1936இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியலும் கணிதமும் முடித்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பொறியாளர் வானிவார் புஷ் உருவாக்கியிருந்த டிஃபரென்ஷியல் அனலைசர் என்ற பெரிய கணக்கிடும் இயந்திரத்தை இயக்கும் உதவியாளர் வேலை கிடைத்தது. அதன் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சுற்றுகளோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் தத்துவ வகுப்பில் படித்த ஜார்ஜ் பூலின் தர்க்கம், அதாவது உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்து எழுதும் இயற்கணிதம், நினைவுக்கு வந்தது. ரிலே மூடுவதையும் திறப்பதையும் அந்த இயற்கணிதத்திலேயே எழுதிவிடலாம் என்று 1937இல் தன் முதுநிலை ஆய்வேட்டில் காட்டினார். அப்போது அவருக்கு வயது 21. டிஜிட்டல் சுற்று வடிவமைப்பு அந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தது. யோசனை வந்த பிறகுதான் அவர் இயந்திரத்தைத் தொட்டார் என்றில்லை. இயந்திரத்தைத் தொட்டதால்தான் யோசனை வந்தது. உங்களுக்கும் பேரிங்கிலிருந்துதான் கேள்வி வந்திருக்கிறது.

ஒரு கேள்வியில் ஓர் இரவு வந்த மகிழ்ச்சி, அதே கேள்வியோடு ஆறு மாதம் இருந்தாலும் தாங்குமா என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டும். இதற்குப் பட்டமோ சேர்க்கையோ தேவையில்லை. உங்கள் துறையில் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இடம் கேளுங்கள். மோட்டாரின் வேகம் மாறினால் அந்த 70 சதவீதம் என்ன ஆகிறது? சுமை மாறினால்? வேறு யாரோ வெளியிட்ட முடிவை அப்படியே திரும்பச் செய்து பாருங்கள். பெரும்பாலும் முதல் முறை வராது. சென்சார் கழன்று ஒரு வாரப் பதிவு வீணாகும். அந்த வாரங்களிலும் ஆய்வுக்கூடத்துக்குப் போக மனம் வருகிறதா என்று கவனியுங்கள்.

நாட்டுக்கு நாடு பாதை வேறு. அமெரிக்காவில் இளநிலை முடித்ததும் நேராக முனைவர் படிப்பில் சேரலாம். பொதுவாக ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதலில் முதுநிலைப் பட்டம் கேட்பார்கள், அதன் பின் மூன்று, நான்கு ஆண்டுகள். பொறியியலில் முனைவர் மாணவருக்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும், சில நாடுகளில் ஊதியமும்கூடக் கிடைப்பது வழக்கம். அதனால் கடன் வாங்கி முனைவர் பட்டம் படிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. முதுநிலைப் படிப்பு வேறு கணக்கு. அதற்குப் பலர் சொந்தப் பணம்தான் கட்டுகிறார்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளர் முக்கியம். இதில் நான் பிடிவாதக்காரன். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார், சோதனை தோற்றால் எப்படிப் பேசுகிறார், பாதியில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் வேலையை ஏற்கச் சொல்லும் உங்கள் அப்பாவின் கவலையும் நியாயமானது. இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருபவர்கள் பலர் உண்டு. தொழிற்சாலையில் நிஜப் பழுதைப் பார்த்தவர் ஆய்வுக்கூடத்துக்குப் புதிய கேள்விகளைக் கொண்டுவருகிறார். ஆறு மாதம் முடியட்டும், பிறகு அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தீர்களே, சமர்ப்பித்த அறிக்கையில் இன்னும் 99 என்றே இருக்கிறது, சொல்லப் பயமாக இருக்கிறது என்று. இந்த வாரமே உங்கள் புராஜெக்ட் பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். 99 வந்தது, 70 வந்தது என்ற இரண்டு முடிவுகளின் வரைபடங்களையும், தரவை எப்படிப் பிரித்தீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதியும் எடுத்துச் செல்லுங்கள். மதிப்பெண் குறைந்தாலும் குறையட்டும். நாளை உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர், தன் தவற்றைத் தானே தேடிக் கண்டுபிடித்து வந்து சொன்ன மாணவியைப் பற்றி எழுதுவார். அவர் உங்களிடம் முதலில் என்ன கேள்வி கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.