14 வயசுல கலகக்கூட்டத்துக்கு முன்னாடி குதிரையில போய் நின்ன இங்கிலாந்து ராஜா இரண்டாம் ரிச்சர்ட் நிஜமாவே வீரனா?

ஏதோ வீடியோ பாத்துட்டு புல்லரிச்சுப் போய் கேக்கறீங்கன்னு நெனைக்கிறேன். தப்பில்ல, நானும் புல்லரிச்சவன்தான். ஆனா அந்த சீனோட வீடியோவ நிறுத்திட்டா எப்படி, அதுக்கு அடுத்த ரெண்டு வாரத்தையும் பாக்கணும்ல. நான் ஹிஸ்டரி படிச்சவன் இல்ல, அக்கவுண்ட்ஸ் படிச்சவன், அதனால புரொஃபசருங்க யாராவது இருந்தா கொஞ்சம் பொறுத்துக்கங்க.

மொதல்ல பையனோட நெலமை. 1367ல பிறந்தவன். அப்பா பெரிய போர்வீரர், 1376ல செத்துட்டார். தாத்தா மூணாம் எட்வர்ட் மறு வருஷம் ஜூன்ல போயிட்டார். பத்து வயசுல கிரீடம். முடிசூட்டு விழா நீண்டுகிட்டே போனதுல பையன் களைச்சுப்போய், அவனோட ஆசிரியர் தோள்ல தூக்கிட்டு வரும்போது கால்ல இருந்த செருப்பு ஒண்ணு கூட்டத்துல விழுந்து காணாமப் போச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. அதிகாரம் பூரா பெரியவங்க கவுன்சில் கையில, அதுக்கும் மேல ஊரே வெறுத்த சித்தப்பா ஜான் ஆஃப் கான்ட். பிரான்ஸோட சண்டை இழுத்துகிட்டே இருக்கு, கஜானா காலி. உடனே தலைவரி, அதாவது ஆளுக்கு இவ்வளவுன்னு வரி.

1377ல தலைக்கு 4 பென்ஸ். 1380ல அதையே 12 பென்ஸ் ஆக்கிட்டாங்க. ஒரு தச்சருக்கு நாள் கூலி 2, 3 பென்ஸ்னு சட்டமே போட்டிருந்த காலம் அது, ஏன்னா 1348, 49ல பிளேக் வந்து ஊர்ல பாதிக்குப் பாதி செத்து, மிச்சம் இருக்கறவன் கூலி கூடக் கேட்டான், அதை அடக்க 1351ல சட்டம் கொண்டு வந்து பழைய கூலிதான்னு கட்டி வச்சாங்க. அதுக்கு மேல இந்த வரி. ஜனங்க என்ன பண்ணாங்கன்னா கணக்குல இருந்தே காணாமப் போயிட்டாங்க. 1377 லிஸ்ட்ல சுமார் பதிமூணரை லட்சம் பேர், 1381 லிஸ்ட்ல ஒம்பது லட்சம். நாலரை லட்சம் பேர் நாலு வருஷத்துல ஆவியாகிட மாட்டாங்க இல்லையா. விசாரிக்க ஆள் அனுப்பினாங்க, 1381 மே கடைசியில லண்டனுக்குக் கிழக்க இருக்கற எஸெக்ஸ்ல அவங்களுக்கு அடி விழுந்துச்சு, ஜூன் 12, 13ல கலகம் லண்டனுக்கே வந்துருச்சு.

இங்கதான் என் கதை வருது. 2010ல நான் லண்டனுக்கு ஸ்டூடண்ட்டா வந்தப்ப ஆல்ட்கேட் பக்கம் ஒரு கடையில கவுண்டர் வேலை. தினம் பேப்பர் வாங்க வர்ற ஒரு வயசான வெள்ளைக்காரர் ஒருநாள் ரோட்டைக் காட்டி, இங்கதான் கோட்டை வாசல் இருந்துச்சு, மேல் மாடியில சாசர் குடியிருந்தார், எஸெக்ஸ்காரங்க இந்த வாசல் வழியாதான் உள்ள வந்தாங்கன்னார். சாசர்னா இங்கிலீஷ் கவிதைக்கே தாத்தா மாதிரி. ஆனா பொழப்புக்கு கம்பளி ஏற்றுமதி சுங்க வரிக் கணக்கு பாத்துகிட்டிருந்தார்! கணக்கன் வீட்டுக்குக் கீழ வரி எதிர்ப்புக் கூட்டம். அன்னைக்கே எனக்குப் பிடிச்சுப் போச்சு, லைப்ரரியில தேடித் தேடிப் படிச்சேன்.

அந்த டிசம்பர்ல கடையில ரெண்டு பேர் திடீர்னு நின்னுட்டாங்க. ஓனர் நம்மூரு ஆளுதான், "தம்பி, இந்தப் பத்து நாள் மட்டும் கைகொடுத்துரு, டபுள் ரேட் போட்டுத் தர்றேன், நீ என் சொந்தத் தம்பி மாதிரி"ன்னார். காலேஜ் லீவு டைம், முழுநேரம் வேலை செய்ய பர்மிஷன் உண்டு, கமெண்ட்ல யாரும் விசா சட்டம் பேச வராதீங்க. காலையில ஆறுக்கு ஷட்டர் தூக்கி ராத்திரி பதினொண்ணுக்கு இறக்கினேன். ஜனவரியில கேட்டா, "அப்படியா சொன்னேன்? பேப்பர்ல இருக்கா?"ன்னார். மூஞ்சில ஒரு சிரிப்பு வேற.

இப்ப ரிச்சர்டுக்கு வாங்க. ஜூன் 14, மைல் எண்ட் மைதானம். ஜனங்க கேட்டது, இனிமே யாரும் பண்ணையடிமை இல்ல, ஏக்கருக்கு 4 பென்ஸ்தான் குத்தகை, வேலைங்கறது ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டதா இருக்கணும். பையன் எல்லாத்துக்கும் சரின்னான். முப்பதுக்கும் மேல எழுத்தர்கள் உக்காந்து ஊர் ஊருக்கு சாசனம் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தாங்க. பாதிப் பேர் அதை மடியில கட்டிகிட்டு ஊருக்குக் கெளம்பிட்டாங்க. ஏன் நம்பினாங்கன்னா அவங்களுக்கு ராஜா மேல கோபமே இல்ல. "நீ யார் பக்கம்?"னு கேட்டா "ரிச்சர்ட் ராஜா பக்கம், உண்மையான குடிமக்கள் பக்கம்"னு பதில் சொல்லணும், அதுதான் அவங்க பாஸ்வேர்டே. கெட்டவன் மந்திரி, சித்தப்பா. பையன் நல்லவன்னு நெனச்சாங்க. சித்தப்பா அப்ப ஸ்காட்லாந்து எல்லையில இருந்ததால தப்பிச்சார், அவரோட சவாய் மாளிகை தப்பிக்கல.

15ந்தேதி லண்டன்லயே ஸ்மித்ஃபீல்ட் மைதானம். கலகக்காரங்க தலைவன் வாட் டைலர் ராஜா கையைப் பிடிச்சுக் குலுக்கி "சகோதரா"ன்னு கூப்பிட்டானாம், வாய் கொப்பளிக்க தண்ணி கேட்டானாம், மரியாதை தெரியாதவன்னு எழுதி வச்சவங்களுக்கு அதுதான் பெருசா தெரிஞ்சிருக்கு. வாக்குவாதம் முத்தி லண்டன் மேயர் வால்வொர்த் டைலரைக் குத்திட்டார். எதிர்ல அத்தனை பேரும் வில்லைத் தூக்கறாங்க. அந்த நேரம் பதினாலு வயசுப் பையன் குதிரையைத் தட்டி அவங்களுக்கு நேரா போய், நான்தான் உங்க தலைவன், என் பின்னால வாங்கன்னு கூட்டிட்டுப் போனான். இது வீரமான்னா, ஆமா, வீரம்தான். என் பையனுக்கு இப்ப அதே வயசு, தனியா ஒரு ஃபோன் பண்ணி பீட்சா ஆர்டர் பண்ணச் சொன்னா கூச்சப்படறான்.

ஆனா டைலர் என்ன ஆனான்? பக்கத்துல இருந்த செயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க, வால்வொர்த் அங்கேர்ந்து இழுத்துட்டு வரச் சொல்லி தலையை வெட்டிட்டார். வால்வொர்த்துக்கு அன்னைக்கே சர் பட்டம். ஜூலை 2ல, ஆபத்தெல்லாம் தீர்ந்ததுக்கப்புறம், கொடுத்த சாசனம் பூரா செல்லாதுன்னு ராஜா அறிவிச்சுட்டான். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடியே, எஸெக்ஸ்காரங்க "நீங்க வாக்கு கொடுத்தீங்களே"ன்னு கேட்டு ஆள் அனுப்பினதுக்கு, நீங்க அடிமைங்கதான், அடிமையாவே இருப்பீங்க, முன்னவிட மோசமா இருப்பீங்கன்னு சொன்னதா செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி ஒருத்தர் எழுதியிருக்கார். என்கிட்ட பேப்பர் இல்லாததால ஏமாந்தேன்னு ரொம்ப நாள் நெனச்சுகிட்டிருந்தேன். அவங்ககிட்ட முத்திரை போட்ட பேப்பரே இருந்துச்சுங்க.

உடனே "சின்னப் பையன், பெரியவங்க சொன்னதை செஞ்சான்"னு ஒருத்தர் வருவார். ஸ்மித்ஃபீல்ட் வீரம் மட்டும் அவனோடது, ஜூலை துரோகம் மட்டும் கவுன்சிலோடதுன்னா அது என்ன கணக்கு? ஒரே லெட்ஜர்ல ரெண்டையும் எழுதுங்க.

அதுக்காக கலகக்காரங்க எல்லாம் உத்தமனுங்கன்னு நான் சொல்லல. ஆர்ச்பிஷப்பையும் நிதி மந்திரியையும் லண்டன் டவர் கோட்டையில இருந்து இழுத்துட்டு வந்து வெட்டினாங்க, சரி, அது அரசியல். ஆனா சர்ச்ல ஒளிஞ்சிருந்த ஃபிளெமிஷ்காரங்களை (இப்ப பெல்ஜியம் இருக்கற பக்கத்து ஆளுங்க) வெளிய இழுத்து கொன்னாங்களே, பொழைக்க வந்த ஜனங்க அவங்க. ரொட்டி, சீஸுங்கற ரெண்டு வார்த்தையை சொல்லச் சொல்லி உச்சரிப்பை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சாங்கன்னு பழைய லண்டன் குறிப்பு ஒண்ணு இருக்கு. கவுண்டர்ல நின்னு என் உச்சரிப்புக்கு சிரிச்ச கஸ்டமருங்க ஞாபகம் வந்து, அந்தப் பக்கத்தை படிச்சப்ப புஸ்தகத்தை மூடி வச்சிட்டேன்.

வரின்னதும் இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தம் இல்லதான். 1990ல பிரதமர் தாட்சர் அம்மா மறுபடி தலைவரி கொண்டு வந்து, மறுபடி ஜனங்க லிஸ்ட்ல இருந்து காணாமப் போயி, டிரஃபால்கர் சதுக்கத்துல கலவரமே ஆச்சு. அதை எடுத்துட்டு 1993ல வச்சதுதான் இப்ப உள்ளூர் கவுன்சிலுக்கு வீட்டுக்கு வீடு கட்டற கவுன்சில் டாக்ஸ்.

லண்டன்ல இருந்தீங்கன்னா பார்பிகன் ஸ்டேஷன்ல இறங்கி ஸ்மித்ஃபீல்டுக்கு நடந்து போங்க. 2015ல அங்க 1381க்கு ஒரு கல் வச்சிருக்காங்க. வால்வொர்த்துக்கு ஹோல்பர்ன் வயடக்ட்ல சிலையே இருக்கு, அப்படியே அதையும் பாத்துருங்க, நடக்கற தூரம்தான்.