அந்தப் பக்கம் போனால் குறி ஏன் மாறுகிறது?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், ‘கூட்டல் அந்தப் பக்கம் போனால் கழித்தல் ஆகிவிடும்’ என்று மனப்பாடமாகச் சொல்லிச் சமன்பாட்டுக் கணக்குகளைப் போடுகிறாள். ஏன் ஆகிறது என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. விளக்க முடியுமா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உண்மையில் எதுவும் எந்தப் பக்கமும் போவதில்லை, சகோதரி. பண்ருட்டி முந்திரிக்கொட்டையைத் தட்டுத் தராசில் நிறுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடத்தட்டில் ஒரே எடையுள்ள மூன்று பைகளும் 2 கிலோ எடைக்கல்லும், வலத்தட்டில் அதே எடையுள்ள ஒரு பையும் 10 கிலோ கல்லும் இருக்க, தராசு முள் நடுவில் நிற்கிறது. ஒரு பையின் எடையை ‘ப’ என்று எழுதினால், 3ப + 2 = ப + 10.

இடத்தட்டிலிருந்து 2 கிலோ கல்லை எடுத்தால் அந்தத் தட்டு மேலே எழும்பிவிடும். முள் மறுபடி நடுவுக்கு வர வேண்டுமானால், வலத்தட்டிலும் 10 கிலோவுக்குப் பதிலாக 8 கிலோ வைத்தாக வேண்டும். இதை எழுத்தில் காட்டினால் 3ப + 2 − 2 = ப + 10 − 2. இடப்பக்கத்தில் +2, −2 இரண்டும் சேர்ந்து மறைந்துவிடுவதால், இந்த வரியை எழுதாமல் தாண்டிச் செல்பவர்களுக்கு, இங்கே இருந்த +2 அங்கே −2 ஆகப் போய்விட்டதைப் போலத் தோன்றுகிறது. பிறகு இரு தட்டுகளிலிருந்தும் ஒவ்வொரு பையை எடுத்தால் 2ப = 8; இரு பக்கமும் பாதியாக்கினால் ப = 4. முதல் சமன்பாட்டில் 4 என்று வைத்துப் பாருங்கள், இரு பக்கமும் 14 வரும். விடையை இப்படிச் சரிபார்க்கும் பழக்கத்தை மகளுக்கு அவசியம் ஏற்படுத்துங்கள்.

மனப்பாட விதியின் ஆபத்தை மஞ்சக்குப்பத்தில் என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கிறேன். 3ப = 12 என்ற இடத்தில், பக்கம் மாறினால் குறியும் மாற வேண்டும் என்று எண்ணி, 12ஐ −3ஆல் வகுத்து −4 என்று எழுதிவிடுகிறார்கள். 3 அங்கே பெருக்கிக்கொண்டிருக்கிறது. பெருக்கலை நீக்க வகுத்தல் போதும், குறிக்கு அங்கே வேலையே இல்லை. இன்னும் சிலர் 3ப + 6 = 12 என்பதை 3ஆல் வகுக்கும்போது, 6ஐ மறந்து ப + 6 = 4 என்று எழுதுகிறார்கள். வகுத்தால் தட்டில் உள்ள அனைத்தையும் வகுக்க வேண்டும்; சரியான வரி ப + 2 = 4. ஆகவே சில மாதங்களுக்காவது, இரு பக்கமும் செய்ததை அவள் முழுமையாக எழுதட்டும். நோட்டில் இரண்டு வரி கூடினால் கூடட்டும்.

அல்ஜீப்ரா என்ற பெயரே இந்தச் செயலிலிருந்து பிறந்ததுதான். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, கழித்தலாக நிற்கும் உறுப்பை இரு பக்கமும் கூட்டி நீக்குவதை ‘அல்-ஜபர்’ என்றும், இரு பக்கமும் உள்ள ஒரே வகை உறுப்புகளைச் சமமாகக் குறைப்பதை ‘அல்-முகாபலா’ என்றும் அழைத்தார். மேலே நாம் பைகளை எடுத்தது இரண்டாவது வகை. சமக்குறி பிறகுதான் வந்தது: 1557இல் ராபர்ட் ரெக்கார்டு, ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்று கூறி அதை அறிமுகப்படுத்தினார்.

கேள்வி: ப² = 5ப என்ற கணக்கில் இரு பக்கத்தையும் பஆல் வகுத்து, ப = 5 என்று எழுதிய என் மகனுக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. இரு பக்கமும் ஒன்றையே செய்தால் சரிதானே?
– ஒரு வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பூச்சியத்தால் மட்டும் வகுக்கக் கூடாது. பஇன் மதிப்பு தெரியாத நிலையில், அது பூச்சியமாகவும் இருக்கலாம் அல்லவா? இங்கே உண்மையிலேயே 0 ஒரு விடைதான். வகுத்தபோது அது கை நழுவிப் போயிற்று. இரு பக்கமும் 5பவைக் கழித்தால் ப² − 5ப = 0, அதாவது ப(ப − 5) = 0. ஆகவே ப = 0 அல்லது ப = 5.