எக்ஸ்பெக்டோரன்ட்னா என்ன, எந்த இருமலுக்கு அந்த பாட்டில்?

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அப்பாவுக்கு 68 வயசு, சுகர் இருக்கு. சம்பா அறுப்பு ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரே இருமல். வீட்டுல ரெண்டு சிரப் கெடக்கு, ஒண்ணுல எக்ஸ்பெக்டோரன்ட்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல காஃப் சப்ரஸன்ட்னு. எக்ஸ்பெக்ட்னா எதிர்பாக்கறது தானே, அப்ப இதுல என்னத்த எதிர்பாக்கணும்? எதைக் குடுக்கறது?"

எதிர்பாக்கறதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல தம்பி. எக்ஸ்பெக்ட் வந்தது ஸ்பெக்டாரேங்கற லத்தீன் சொல்லுலேர்ந்து, அதுக்கு பாக்கறதுன்னு அர்த்தம். இது பெக்டஸ், அதாவது நெஞ்சு. முன்னாடி இருக்கற எக்ஸ்னா வெளியே. நெஞ்சுல இருக்கறத வெளியேத்தறது, அவ்ளோதான். சுவாரஸ்யம் என்னன்னா பழைய லத்தீன்ல இத சளிக்கே சொல்லல, மனசுல இருக்கறத விரட்டறதுக்குத்தான் சொன்னாங்க, நாம நெஞ்சுங்கறத ஒடம்புக்கும் மனசுக்கும் சேத்தே சொல்றோமே அதே மாதிரி அங்கயும். கோழைக்கு வந்ததெல்லாம் பின்னாடிதான்.

இந்த பெக்டஸ் உங்க வீட்டு மாடியிலயும் இருக்கு. கொத்தனார் சொல்ற பாரபெட் சுவர், இத்தாலியில பாரபெட்டோ, பெட்டோன்னா நெஞ்சு, கோட்டை மேல நிக்கறவன் நெஞ்சைக் காக்கற சுவர். (இப்ப மூணடிக்கு மேல கட்ட யாருக்கு மனசு வருது, இடுப்புக்குத்தான் வருது.) டாக்டர் சீட்டுல ஆஞ்சைனா பெக்டோரிஸ்னு பாத்தா அதுவும் இதே குடும்பம்தான், நெஞ்ச நெரிக்கறதுன்னு அர்த்தம், 1768ல லண்டன்ல வில்லியம் ஹெபர்டன்ங்கற டாக்டர் வெச்ச பேரு. இதயத்துக்கு ரத்தம் பத்தாம வர்ற நெஞ்சு வலி அது, அதுக்கு சிரப் கிடையாது, நேரா ஆஸ்பத்திரிதான்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். அப்பாவுக்கு கோழை கட்டி கர்புர்னு சத்தம் வருது, இருமினா சளி வருதுன்னா எக்ஸ்பெக்டோரன்ட். உள்ள குவைஃபெனெசின், அம்ப்ராக்சால், ப்ரோம்ஹெக்சின் இதுல ஏதாவது எழுதியிருக்கும், சளிய இளக்கி மேல வரவைக்கற சரக்கு. ப்ரோம்ஹெக்சின் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா நம்ம வேலியில நிக்கற ஆடாதோடைதான், அந்த எலையில இருக்கற வாசிசின்ங்கற பொருள மாத்தி செஞ்சது அது, அம்ப்ராக்சால் அதோட புள்ள. அதுக்காக மருந்தோட கஷாயமும் சேத்துக் குடுக்க வேணாம், மாசமா இருக்கற பொண்ணுங்களுக்கு ஆடாதோடை அறவே வேணாம்.

சளியே இல்லாம ராத்திரி பூரா வறட்டு இருமல்னா சப்ரஸன்ட், டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன்னு போட்டிருக்கும். அது இருமல அடக்கற மருந்து. சளி நெறைய இருக்கறப்ப இத குடுத்தா வெளிய வரவேண்டியது உள்ளயே தங்கிரும், அதனால ரெண்டு பாட்டிலயும் சேத்து ஊத்தாதீங்க. லேபிள்ல எல்எஸ்னு பாத்தா பெரும்பாலும் லெவோசால்புடமால் கலந்திருக்கும், மூச்சுக்குழாய விரிக்கும், ஆனா கை நடுங்கும், படபடன்னு வரும், இதய நோய் இருக்கறவங்களுக்கு டாக்டர கேக்காம குடுக்கக் கூடாது. சுகர் இருக்குங்கறீங்க, சுகர் ஃப்ரீன்னு கேட்டு வாங்குங்க.

உண்மைய சொல்லணும்னா எந்த சிரப்பும் பெரிய மாயம் பண்ணிடாது, கிட்னி இதயம் பிரச்சனை இல்லன்னா வெந்நி நெறைய குடிக்கச் சொல்லுங்க, அறுப்பு மெஷின் ஓடற பக்கமும் நெல்லு தூத்தற எடத்துக்கும் போனா மூக்கு வாய சேத்து துண்ட இறுக்கிக் கட்டிக்கணும், அந்த சுணையே பாதி இருமலுக்குக் காரணமா இருக்கும். பி.பி. மாத்திரையில எனலாபிரில், ராமிபிரில் இருக்கான்னும் பாருங்க, அதுவே சிலருக்கு வறட்டு இருமல கெளப்பும், நிறுத்தாம டாக்டர்ட்ட சொல்லி மாத்திக்கலாம்.

வீட்டுல பேரப்புள்ளைங்க இருந்தா இந்த பாட்டில எட்டாத எடத்துல வைங்க, சின்னப் புள்ளைங்களுக்கு இருமல் சிரப் டாக்டர் சொல்லாம தரவே கூடாது.

இருமல் ரெண்டு வாரம் தாண்டிருச்சா, சளியில ரத்தம் தெரியுதா, மூச்சு எளைக்குதா, சாயந்தரம் ஜுரம் வருதா, எட எறங்குதா? அப்ப சிரப்ப ஓரமா வெச்சுட்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல சளி டெஸ்ட் குடுத்துருங்க, காசநோய் பரிசோதனை அரசாங்கத்துல இலவசம்தான்.