கணினிக் கேள்வி–பதில்: ஓனர் உரிமையை எப்படிக் குறைப்பது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் சர்வர்கள் அனைத்தும் மைக்ரோசாஃப்டின் அசூர் கிளவுடில் உள்ளன. தொடக்கத்தில் வசதி கருதி எல்லோருக்கும் முழு அதிகாரம் தரும் ‘ஓனர்’ உரிமை கொடுத்துவிட்டோம். இப்போது தணிக்கையில் ஆட்சேபம் எழுந்துள்ளது. அனைவரையும் ‘கான்ட்ரிபியூட்டர்’ ஆக்கினால் போதுமா?

பதில்: போதாது. கான்ட்ரிபியூட்டரால் பிறருக்கு உரிமை வழங்க முடியாதே தவிர, சர்வரையும் தரவுத்தளத்தையும் உருவாக்கவும் மாற்றவும் அழிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. தணிக்கையாளர் அஞ்சுவதும் பெரும்பாலும் இதைத்தான்.

அசூரில் ஒவ்வோர் உரிமையும் யாருக்கு, எந்தப் பங்கு (ஓனர், கான்ட்ரிபியூட்டர் போன்ற ‘ரோல்’), எந்த எல்லைக்குள் என்ற மூன்றையும் சேர்த்தே வழங்கப்படுகிறது. பங்கைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையைப் பலர் எல்லையை வகுப்பதில் காட்டுவதில்லை என்பது என் வருத்தம். சப்ஸ்கிரிப்ஷன் (அசூரில் உங்கள் சந்தாக் கணக்கு) மட்டத்தில் தரப்படும் உரிமை, அதற்குள் அடங்கிய ரிசோர்ஸ் குரூப்புகளுக்கும் (வளங்களின் தொகுப்புகள்) அவற்றிலுள்ள சர்வர், தரவுத்தளம் போன்ற ஒவ்வொரு வளத்துக்கும் தானாகவே இறங்கிவிடும். அது மட்டுமன்றி, இந்த உரிமைகள் ஒன்றோடொன்று கூடுமே அன்றிக் கழியா. ஆதலால் மேலே கான்ட்ரிபியூட்டராக இருப்பவருக்கு ஒரு ரிசோர்ஸ் குரூப்பில் மட்டும், பார்க்க மட்டுமே அனுமதிக்கும் ‘ரீடர்’ பங்கை அளித்தாலும், அங்கே அவருடைய அதிகாரம் சிறிதும் குறையாது. முதலில் அவரவர் பணிபுரியும் ரிசோர்ஸ் குரூப்பில் தேவையான பங்கை வழங்குங்கள்; அதன் பின்னரே மேல்மட்ட உரிமையை நீக்குங்கள். இந்த வரிசை மாறினால் இடையில் வேலை நின்றுபோகும்.

உரிமையைத் தனி நபருக்குத் தராமல் குழுவுக்குத் தாருங்கள். பணி மாறுபவரைக் குழுவிலிருந்து விடுவித்தாலே, அதன் வழியாக வந்த உரிமையும் நீங்கிவிடும். ஒரு சப்ஸ்கிரிப்ஷனுக்கு ஓனர்கள் 3 பேருக்கு மேல் வேண்டாம் என்பது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. ஒரே ஒருவரிடம் விடுவதும் சரியன்று. அவருடைய கணக்கு முடங்கினால் உரிமை வழங்க ஆளிருக்காது.

கேள்வி: ரீடர் பங்கு பெற்ற ஊழியர் ஸ்டோரேஜ் கணக்கைப் பார்க்கிறார், ஆனால் உள்ளிருக்கும் கோப்புகளைத் திறக்க முடியவில்லை. இது பிழையா?

பதில்: பிழையன்று. கணக்கை நிர்வகிக்கும் உரிமையும் அதிலுள்ள தரவைப் படிக்கும் உரிமையும் வெவ்வேறானவை. கோப்புகளைப் படிக்க ‘ஸ்டோரேஜ் பிளாப் டேட்டா ரீடர்’ என்ற பங்கு தனியே வேண்டும். கான்ட்ரிபியூட்டரோ, இந்தப் பங்கு இல்லாமலேயே கணக்கின் அணுகல் சாவியை எடுத்து அதன்மூலம் தரவைத் திறந்துவிட முடியும். சாவிவழி அணுகலை முடக்கும் வசதி உண்டு; தடையில்லையெனில் அதை முடக்கிவிடுங்கள். எனினும், முடக்கியதை மீண்டும் இயக்கவும் கான்ட்ரிபியூட்டரால் முடியும் என்பதால், ரகசியத் தரவு உள்ள கணக்குகளில் அந்தப் பங்கை யாருக்கும் நிரந்தரமாக வழங்காதீர்கள்.