பூக்கட்டிப் பார்த்து வந்தோம்

கேள்வி: திருப்பூரில் பல ஆண்டுகள் கட்டட மேஸ்திரியாக இருந்த என் கணவரும் நானும், குலதெய்வம் கோயிலில் பூக்கட்டிப் பார்த்து, உத்தரவு கிடைத்த பிறகே பிள்ளைகளுடன் மயிலாடுதுறைக்குக் குடிவந்தோம். தை மாதம் வீடு கட்டித் தரும் தொழிலைத் தொடங்கவிருக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– ஒரு வாசகி

பதில்: குடும்பம் முழுவதும் ஒரே மனத்துடன் ஊர் மாற அந்த உத்தரவு தந்த உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன், சகோதரி. ஆனால் கொங்கு நாட்டுச் செம்மண் வேறு. காவிரி படியவைத்த இந்தக் களிமண் வேறு. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும் இம்மண்ணில் அங்கே போட்ட அளவிலேயே கடைக்கால் போட்டால் சுவர் விரிசல் விடக்கூடும் என்பதால், ஒவ்வொரு மனைக்கும் மண் பரிசோதனை செய்து, பொறியாளர் சொல்லும் இடங்களில் அண்டர்ரீம் பைல் எனப்படும் அடிப்பகுதி அகன்ற தூண்களை இறக்குங்கள். குளத்தையோ வாய்க்காலையோ தூர்த்த மனை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன்.

தை நல்ல தேர்வு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து வாய்க்கால்களில் நீர் வருவதற்குள் கடைக்கால் வேலையை முடித்துவிடலாம்.

பிறர் மனையில் கட்டித் தரும்போது தவணைகளை எழுத்தில் ஒப்பந்தமாக்குங்கள். பின்னாளில் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் வீடுகள் கட்டி விற்க முனைந்தால், ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு பெற்று, வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும்.