குழாய் வெடித்த வீட்டுக்கு 18,000 வெள்ளி கடன் வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீட்டில் வசிக்கிறோம். சென்ற வாரம் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் வெடித்து, கூடம்வரை தண்ணீர் தேங்கிவிட்டது. லேமினேட் தரை உப்பிவிட்டது, கீழ் அலமாரிகள் ஊறிப்போயின. சீரமைக்க, மைத்துனருக்குத் தெரிந்த ஒப்பந்ததாரர் 18,000 வெள்ளி கேட்கிறார். மைத்துனரின் கடைக்காக என் கடன்பற்று அட்டையில் எடுத்துக் கொடுத்த 8,000 வெள்ளி இன்னும் நிற்கிறது. கடை வாடகைக்கு மாதம் 500 வெள்ளியும் தருகிறேன். ஓராண்டுக்கு வட்டியில்லாமல் 18,000 தருவதாக இன்னொரு வங்கி அழைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். அந்த 8,000 வெள்ளியும் முதலில் ‘வட்டியில்லா’ கடனாகத்தான் வந்தது என்று உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சலுகைக் காலம் முடிந்ததும் வட்டி 27 விழுக்காட்டுக்குத் தாவியது. இப்போது மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 180 வெள்ளி. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை 240. அசலில் கழிவது வெறும் 60! இப்படியே மாதாமாதம் பாக்கியில் 3 விழுக்காடு மட்டும் கட்டிவந்தால் பத்தாண்டு கழித்தும் 3,000 வெள்ளிக்கு மேல் பாக்கி நிற்கும். தண்ணீர் செய்த சேதத்தைவிட இது பெரியது.

நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலைப் பார்த்தேன். கீழ் அலமாரிகளும் மேடையும் 4,000, கூடத்துத் தரை 2,000, ஈரம் உலர்த்தவும் வண்ணம் பூசவும் 500. ஆக, தண்ணீர் கெடுத்தது 6,500 வெள்ளிக்குத்தான். மீதி 11,500 வெள்ளி புதிய மேல் அலமாரிகள், பொய்க்கூரை, விளக்குகளுக்கு. மேல் அலமாரிகளைத் தண்ணீர் தொடவே இல்லையே! பூஞ்சை வராமல் தடுக்கும் ‘நானோ’ பூச்சு என்றும் ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். அலமாரியின் அடிப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்டுப்பலகை ஏடு ஏடாகப் பிரிந்தால் எந்தப் பூச்சும் அதைக் காப்பாற்றாது. லேமினேட்டைப் பெயர்த்து, சிமெண்டுத் தளம் நன்றாகக் காய்ந்த பிறகே புதிய தரை போட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். அவசரப்பட்டு மூடினால் அடியில் பூஞ்சை பிடிக்கும், செலவு இரண்டாகும்.

எதையும் தூக்கி எறிவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கடனுக்காக எடுத்த தீக் காப்புறுதி இதற்கு உதவாது. நீங்களாகப் போட்ட தரையும் அலமாரிகளும் அதில் அடங்கா. வீட்டுப் பொருள்களுக்குத் தனிக் காப்புறுதி எடுத்திருந்தால் உடனே அழையுங்கள். திடீரென வெடித்த குழாய்க்குப் பொதுவாக இழப்பீடு கிடைக்கும். நாள்பட்ட கசிவுக்குக் கிடைப்பது அரிது. மசேநி (மத்திய சேம நிதி) பணத்தைப் புதுப்பிப்புக்குத் தொட முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

காப்புறுதி இல்லையென்றால் வங்கியின் வீட்டுப் புதுப்பிப்புக் கடனைக் கேளுங்கள். ஆறு மாத வருமானம் அல்லது 30,000 வெள்ளி, இரண்டில் எது குறைவோ அதுதான் அதன் உச்சவரம்பு. 6,500 வெள்ளியை மூன்றாண்டில் அடைத்தால் மாதம் சுமார் 200 வெள்ளி வரும். உரிமம் பெற்ற கடன் நிறுவனமாகவே இருந்தாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம். மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கச் சட்டமே இடம் தருகிறது.

அந்த 200-க்குப் பணம் எங்கே? மைத்துனருக்குப் போகும் 500 வெள்ளியில் இருக்கிறது. அதை இந்த மாதமே நிறுத்துங்கள். 500-ம் அட்டைக்குக் கட்டும் 240-ம் சேர்ந்தால் 740. புதுப்பிப்புக் கடனுக்கு 200 போக, மீதி 540 அட்டைக்கு. ஒன்றரை ஆண்டில் அந்தக் கடன் தீரும். அதுவரை அட்டையை வேறெதற்கும் நீட்டாதீர்கள்.

மனைவி வருத்தப்படுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டினீர்களா? தம்பியின் கடைக்காகத் தன் வீட்டில் மாதம் 180 வெள்ளி வட்டி போவது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இருவருமாக மைத்துனரை உட்காரவைத்துப் பேசுங்கள். அவர் சொன்ன ஒப்பந்ததாரரை விட்டு, வீவக பட்டியலில் உள்ள வேறு இருவரிடம் 6,500 வெள்ளி வேலைக்கு மட்டும் விலை கேட்கப்போவதாகச் சொல்லிவிடுங்கள். 8,000 வெள்ளியில் மாதம் 200-ஆவது எந்தத் தேதியில் திருப்பித் தருவார் என்று கேட்டு, அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.