குழாய் இருக்கட்டும், தாழ்ப்பாளைப் பாருங்கள்

கேள்வி: மகன் புதிதாகக் கட்டிய வீட்டில், பொத்தானை அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் ஜப்பானியக் கழிப்பறை இருக்கையை வைத்திருக்கிறான். அந்தக் குழாய் இரவு பகலாகக் கோப்பைக்குள்தானே கிடக்கிறது? அது எப்படி நம்மைச் சுத்தம் செய்யும்? செம்பும் கையும் இருக்க இதெல்லாம் எதற்கு?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: குழாய் கோப்பைக்குள் கிடக்கவில்லை, ஐயா. இருக்கையின் பின்பகுதிக்குள் ஒடுங்கி இருக்கிறது. பல மாடல்களில் அதற்கு முன்னால் ஒரு சிறு மூடியும் உண்டு. பொத்தானை அழுத்தியதும் அவசரப்பட்டு வெளியே வராது. உள்ளே இருந்தபடியே தன் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் நீளும். வேலை முடிந்து உள்ளே போகும்போதும் அதே குளியல். வேலைக்குப் போகுமுன் ஒன்று, வந்தபின் ஒன்று என்று நாளும் குளிப்பவர்கள் நம் அலுவலகத்தில்கூட அதிகம் இல்லை.

‘மேலே பட்ட தண்ணீர் திரும்பக் குழாய் மேல்தானே வழியும்?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். இந்த இருக்கைகளைச் செய்யும் ஜப்பானிய நிறுவனமான டோட்டோக்காரர்களும் இதைத்தான் கேட்டுக்கொண்டார்கள். 1964-இல் அவர்கள் அமெரிக்காவிலிருந்து இத்தகைய இருக்கையை வரவழைத்து விற்றார்கள். அது மருத்துவப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டது. தண்ணீர் ஒரு சமயம் சுடும், ஒரு சமயம் சில்லென்று இருக்கும், குறியும் தவறும். சரிப்படாது என்று தாங்களே செய்ய இறங்கினார்கள். தண்ணீர் எந்த இடத்தில் பட வேண்டும் என்று சொல்ல யாரிடமும் கணக்கு இல்லை. இருக்கையின் குறுக்கே ஒரு கம்பியைக் கட்டினார்கள். ஊழியர்களை ஒவ்வொருவராக உட்காரச் சொல்லி, அவரவர் இடத்தைக் கம்பியில் ஒரு துண்டுக் காகிதத்தால் குறிக்கச் சொன்னார்கள். பெண் ஊழியர்கள் முதலில் முடியாது என்றுவிட்டார்களாம், வேறென்ன சொல்வார்கள்? கெஞ்சிக் கூத்தாடி 300 பேருக்கு மேல் அளவெடுத்தார்கள்.

அந்த அளவோடு 1980-இல் ‘வாஷ்லெட்’ என்ற அவர்களுடைய இருக்கை கடைக்கு வந்தது. தண்ணீரின் சூடு 38 டிகிரி, பாயும் கோணம் 43 டிகிரி. உங்கள் கேள்விக்கு விடை இந்த 43-இல் இருக்கிறது. நீர் பின்னாலிருந்து முன்னோக்கிச் சாய்வாகப் போகிறது. பட்டுத் தெறிப்பது குழாயைத் தாண்டி முன்னால் போய் விழுகிறது. நேர்மேலே பீய்ச்சியிருந்தால் நீங்கள் பயப்படுவது நடந்திருக்கும். பிற்பாடு வந்த சில மாடல்களில், குழாய்த் தண்ணீரில் இயல்பாக உள்ள குளோரைடை மின்சாரத்தால் மாற்றி, மருந்து ஊற்றாமலே கிருமிநாசினி நீர் தயாரித்து, அதைக்கொண்டு குழாயைக் கழுவுகிறார்கள்.

இதையெல்லாம் சொன்னதால் எனக்குக் கமிஷன் வருகிறது என்று நினைக்க வேண்டாம். குழாய்முனையில் கிருமி இருக்கத்தான் செய்கிறது. டோக்கியோ மருத்துவமனை ஒன்றின் ரத்தநோய்ப் பிரிவில், பல மருந்துகளுக்கும் அடங்காத சூடோமோனாஸ் கிருமி நோயாளிகளிடமும் இருந்தது, கழிப்பறைக் குழாய்முனையிலும் இருந்தது. அங்குள்ள மருத்துவர்களே 2022-இல் இதை வெளியே சொன்னார்கள். எதிர்ப்புச் சக்தி குன்றிய பலர் ஒரே இருக்கையைப் பயன்படுத்தும் இடம் அது. மகன் வீட்டில் நான்கு பேர். வாரம் ஒரு முறை ‘சுத்தம் செய்’ என்ற பொத்தானை அழுத்திக் குழாயை வெளியே வரவழைத்து, மென்மையான துணியால் துடைத்தால் போதும். ஆசிட்டைக் கொண்டுபோய் ஊற்றிவிடாதீர்கள், பிளாஸ்டிக் பாழாகிவிடும். உங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், அந்த உப்புப் பொருக்குத்தான் கிருமிக்கு வீடு. வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றிவைத்தால் கரைந்துவிடும்.

இனி, நீங்கள் பெருமையாகச் சொன்ன ‘கை’க்கு வருகிறேன்.

நம் வீடுகளில் இப்போது செம்புக்குப் பதில், கையில் பிடித்துப் பீய்ச்சும் ஹெல்த் ஃபாசெட் தொங்குகிறது. வலது கை அதைப் பிடிக்கிறது, இடது கை கழுவுகிறது. பிறகு அந்த ஈர இடது கை என்னவெல்லாம் தொடுகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். சுவரில் உள்ள வால்வு. ஃபிளஷ். வேட்டி முனை. கடைசியாகத் தாழ்ப்பாள். முக்கால்வாசி வீடுகளில் வாஷ்பேசின் கழிப்பறைக்கு வெளியே இருக்கிறது. சோப்பு வெளியே, தாழ்ப்பாள் உள்ளே! ‘காகிதத்தால் துடைக்கும் வெள்ளைக்காரனைவிட நாம் சுத்தம்’ என்று திண்ணையில் பேசுகிறோம். தண்ணீர் மட்டும் பட்ட கையில் கிருமி குறையுமே தவிரப் போகாது. அதற்குச் சோப்பு வேண்டும். ஜப்பானிய இருக்கையில் கை அந்த இடத்துக்கே போவதில்லை. நீங்கள் ஆடம்பரம் என்று சொல்வது இதைத்தான்.

ஹெல்த் ஃபாசெட் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, பலரும் யோசிக்காதது. வாளி நிரம்பட்டும் என்று லீவரை அழுத்தி மாட்டி, முனையை வாளித் தண்ணீருக்குள் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அந்நேரம் மாடித் தொட்டி காலி. கீழ்வீட்டில் யாரோ குழாயைத் திறக்கிறார்கள். குழாய்களில் மிச்சமிருக்கும் தண்ணீர் கீழே இறங்கும்போது, உறிஞ்சுகுழல் போல வாளித் தண்ணீரையும் மேலே இழுத்துக்கொண்டு போகும். கழிப்பறை வாளியில் இருந்தது கீழ்வீட்டுச் சமையலறைக் குழாயில் வர வழி இருக்கிறது. பிரிட்டனின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர் விதிகளில், கழிப்பறைக் கோப்பைவரை எட்டும் இந்த மாதிரிக் குழாய் உச்சபட்ச ஆபத்தான ஐந்தாம் வகையில் சேர்க்கப்பட்டிருப்பது இதனால்தான். முனையைச் சுவரில் அதன் கொக்கியில் மாட்டுங்கள், வால்வை மூடுங்கள். இவ்வளவுதான் வேலை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டுக் குழாயில் பாசி வழவழக்கிறது, சொட்டுகிறது என்று பிளம்பரைத் திட்டுகிறோம்.

இத்தாலியில் கதையே வேறு. 1975-இல் வந்த அரசாணைப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறையிலாவது பிடே இருந்தாக வேண்டும். அது பீய்ச்சும் குழாய் இல்லை, தாழ்வாக வைத்த ஒரு பீங்கான் தொட்டி. தண்ணீர் விளிம்புக்கு மேலிருந்து விழுவதால் பின்னோக்கி இழுக்கும் பேச்சுக்கே இடமில்லை. பக்கத்திலேயே சோப்பு இருக்கும், தனித் துண்டு தொங்கும்.

மகன் வீட்டுக்கு அடுத்த முறை போகும்போது குனிந்து குழாயை ஆராய வேண்டாம். பொத்தான் பலகையையும் தாழ்ப்பாளையும் யாராவது துடைக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். செம்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மின்சாரம் போனால் அந்த ஜப்பானியக் குழாய் வெளியே தலை நீட்டாது.